புட்டும் பயறும் தின்னா பசி ஏன் லேட்டா வருகு?

போன வாரம் மார்த்தாண்டத்தில இருந்து மைனி போன் பண்ணினாங்க. "தம்பி, காலையில புட்டும் பழமும் தின்னா 11 மணிக்கே வயிறு கூப்பிடுகு, அதே புட்டுக்கு சிறுபயறு வச்சு தின்னா ஒரு மணி வரைக்கும் ஒண்ணும் தெரியல்ல, மெஷின்ல குத்திப் பாத்தாலும் சுகர் கொறவாத்தான் காட்டுகு, இது என்னவாக்கும்?" போன்ல ரெண்டு வார்த்தையில அடங்குற விஷயம் இல்ல, எழுதி அனுப்புகேன்னு சொல்லி வச்சிட்டேன்.

பள்ளிக்கூடத்தில படிச்சதை வேகமா தாண்டிடுவோம். அரிசியில இருக்கது ஸ்டார்ச், அதை எச்சிலும் கணையமும் விடுற அமைலேஸ் என்சைம் வெட்ட ஆரம்பிக்கும், கடைசியில குளுக்கோஸா ரத்தத்துக்கு போகும், இன்சுலின் வந்து அதை உள்ள தள்ளும். பயறுலயும் பாதி கிட்ட மாவுச்சத்துதான், அதை மறந்திரக்கூடாது. ஆனா 100 கிராம் காய்ஞ்ச சிறுபயறுல 24 கிராம் கிட்ட புரோட்டீனும் 16 கிராம் கிட்ட நார்ச்சத்தும் கூடவே வருது. புரோட்டீன் குடலுக்கு வந்ததும் சிசிகே மாதிரி ஹார்மோன் சுரந்து, இரைப்பை காலியாகுற வேகத்தை குறைக்கும், போதும்னு மூளைக்கும் சொல்லும். இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான்.

எனக்கு பிடிச்ச விஷயம் வேற. நல்லா வெந்த பயறு ஒண்ணை எடுத்து தோலை உரிச்சிட்டு ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு தேய்ச்சுப் பாருங்க. கூழா வராது, பொடிப்பொடியா மணல் மாதிரி ஒரு நெரிவு தெரியும் இல்லையா, அதுல பெரும்பாலும் உடையாத முழு செல்லுங்கதான்! ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருக்கும். வீட்டுல பிளஸ் டூ படிக்க பிள்ளைங்க இருந்தா, அந்த மாவுல ஒரு துளி அயோடின் விட்டு ஸ்கூல் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, வாய் கட்டின சாக்குமூட்டைக்குள்ள கருநீலமா ஸ்டார்ச் அடைஞ்சு கிடக்கது தெரியும்.

ஏன் உடையல்ல? செல்லும் செல்லும் ஒட்டி நிக்கது பெக்டின்ங்கிற பசையில, செங்கல்லுக்கு நடுவுல சாந்து மாதிரி. பயறை கொதிக்க வைக்கும்போது முதல்ல இளகுறது அந்த சாந்துதான், அதனால அப்புறம் மசிச்சாலும் கல்லு உடையாம தனித்தனியா உதிர்ந்து வரும். வேக வைக்காத பயறை மிஷின்ல போட்டு அரைச்சா கதை நேர்மாறு, சாந்து அப்ப கெட்டியா இருக்கதால கல்லுக்கு நடுவுலயே பிளந்து உள்ள இருக்கதெல்லாம் வெளிய கொட்டிரும். அரிசியை இடிச்சு புட்டுமாவு ஆக்குறதும் அந்த கதைதான்.

மூட்டை உடையாம குடலுக்கு போனா அமைலேஸுக்கு வேலை கஷ்டம். சுவர்ல உள்ள ஓட்டைங்க ரொம்ப சின்னது, நுழைஞ்சாலும் உள்ள ஸ்டார்ச்சை சுத்தி புரோட்டீன் அடைச்சு நிக்குது, வேகும்போதே அந்த இடுக்குல ஸ்டார்ச்சால முழுசா ஊதிப் பெருக்கவும் முடியல்ல. அதனால குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கசியும். ரத்தத்தில சுகரை ஏத்துறதுல குளுக்கோஸை 100ன்னு வச்சா (கிளைசிமிக் இண்டெக்ஸ்னு சொல்றது இந்த கணக்கைத்தான்) அவிச்ச பயறு, கடலை வகைங்க 30க்குப் பக்கம் நிக்கும், வெள்ளைச்சோறு 70க்கு கிட்ட. அதுக்காக பயறை அரைச்சு வறுத்து சத்துமாவுன்னு டப்பாவுல விக்கதை வாங்கி, அதுவும் இதுவும் ஒண்ணுதான்னு நினைச்சிராதீங்க.

இன்னொண்ணு. கனடாவுல டொரண்டோவுல டேவிட் ஜென்கின்ஸ்னு ஒருத்தர், கிளைசிமிக் இண்டெக்ஸ் கணக்கை 1981ல கொண்டு வந்தவர், அவர் குழு 1982ல காலை சாப்பாட்டுக்கு பருப்பு கொடுத்துப் பாத்தாங்க. 4 மணி நேரம் கழிச்சு மதியம் எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான், ஆனா காலையில பருப்பு தின்னப்போ மதிய சுகரும் குறைவா ஏறிச்சு. செரிக்காம மிஞ்சின ஸ்டார்ச்சும் நாரும் பெருங்குடலுக்கு போகும், அங்க பாக்டீரியா அதை புளிக்க வச்சு சின்ன சின்ன கொழுப்பு அமிலமா மாத்தும், அது அங்குள்ள செல்லுங்களை உசுப்பி சுகரையும் பசியையும் குறைக்குற ஜிஎல்பி-1ங்கிற ஹார்மோனை விட வைக்கும். இப்ப எல்லாரும் பேசுற உடம்பு குறைக்க ஊசி இந்த ஹார்மோனைப் பாத்து செஞ்சதுதான். ஆனா உடம்பு விடுறது ரெண்டு மூணு நிமிஷத்தில அழிஞ்சு போகும், ஊசியில உள்ளது ஒரு வாரம் நிக்கும், அதனால பயறு ஊசிக்கு சமம்னு எவனாவது வீடியோ போட்டா நம்பாதீங்க. கேஸும் அதே பாக்டீரியா வேலைதான், ராத்திரி ஊறப்போட்ட தண்ணியை கொட்டிட்டு வேற தண்ணியில அவிச்சா கொஞ்சம் குறையும். "பயறு வாயு, சுகர்காரங்களுக்கு ஆகாது"ன்னு ஊர்ல சொல்றதுல வாயு மட்டும்தான் உண்மை.

பசி விஷயத்தில கொஞ்சம் நேர்மையா பேசணும். 2014ல பல ஆய்வுகளை சேர்த்துப் பாத்ததுல, பயறு வகை தின்னவங்களுக்கு வயிறு நிறைஞ்ச உணர்வு 31 சதவீதம் கூடுதல், ஆனா அடுத்த வேளை தின்ன அளவு பெரிசா குறையல்ல. சாப்பாடு முன்னால வந்தா நாம அப்படித்தானே.

காலையில இருட்டோட ரப்பர் வெட்டப் போயிட்டு வந்து கஞ்சியும் பயறும் குடிச்சவங்க நம்ம ஊர்ல எத்தனை தலைமுறை! அதை வச்சு நம்ம அரிசி, நம்ம புட்டு, நம்ம ஆளுங்கன்னு நல்லா ஒரு ஆராய்ச்சி பண்ணலாம். ஆனா பயறுக்கு பேட்டண்ட் எடுக்க முடியாதே, எந்த கம்பெனி பணம் போடும்? அரசாங்கம்தான் போடணும், நம்ம வரிப்பணத்தில இதுக்கு கொஞ்சம் போனா எனக்கு சந்தோஷம்தான்.

மைனிக்கு கணக்கு இவ்வளவுதான். மூணு குழல் புட்டு மேல ரெண்டு கரண்டி பயறு கொட்டினா புட்டோட சுகர் எங்கயும் போயிராது, புட்டு ஒரு குழல், பயறு அதே அளவுக்கு, மாத்திரையை டாக்டர் சொல்லாம நிறுத்தக் கூடாது, கிட்னி கோளாறு உள்ளவங்க பயறைக் கூட்டுறதுக்கு முன்னாடியும் டாக்டர்கிட்ட கேக்கணும். இதை நேத்து சொன்னேன். பயறைக் கூட்ட உடனே சம்மதிச்சிட்டாங்க, புட்டைக் குறைக்க இன்னும் சம்மதிக்கல்ல.