கார்னிஸ் என்றால் கொடுங்கை

பழைய கடைவீதிக் கட்டடம் எதையாவது அண்ணாந்து பாருங்கள், சுவர் முடிகிற இடத்தில் ஒரு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு ஓடும். அதுதான் கார்னிஸ். மழைத் தண்ணீர் சுவரில் வழியாமல் தள்ளிப்போய்ச் சொட்ட உதவும், கட்டடத்துக்கு ஒரு முடிப்பும் தரும்.

அந்த முடிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வணிகப் பகுதியின் நடுவே நிற்கும் வெயின்ரைட் கட்டடமே போதும். அட்லர், சல்லிவன் இருவரும் வடிவமைத்து 1891இல் முடிந்த 10 தளக் கட்டடம். பாரத்தைச் சுமப்பது சுவர் இல்லை, உள்ளே இருக்கும் எஃகுச் சட்டகம். சரி, உயரமாகக் கட்டிவிடலாம், ஆனால் அவ்வளவு உயரத்துக்கு என்ன முகம் கொடுப்பது? சல்லிவன் அதை ஒரு தூணைப் போல அடி, உடல், தலை என்று பிரித்தார். கீழே இரண்டு தளம் கடைகளுக்கு. அதற்கு மேல் ஏழு தளங்களுக்குச் செங்கல் தூண்கள் தடையே இல்லாமல் நேராக ஏறுகின்றன (ஒன்றுவிட்டு ஒன்றில்தான் எஃகு இருக்கிறது, மற்றவை கண்ணுக்காக). பத்தாவது தளத்தைச் சுடுமண் இலைக்கொடி வேலைப்பாடு சுற்றி வருகிறது, நடுநடுவே வட்ட ஜன்னல்கள். எல்லாவற்றுக்கும் மேலே கார்னிஸ். ஏறி வரும் அத்தனை கோடுகளையும் பிடித்து நிறுத்துவது அதுதான். அது இல்லாவிட்டால் கட்டடம் பாதியில் விட்டதாகவே தெரியும்.

சொல் இத்தாலியில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. வேர், காகத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லாக இருக்கலாம் என்பார்கள். நம் கோயில் கட்டடக் கலையில் இதே உறுப்புக்குக் கபோதம் என்று பெயர், வடமொழியில் அது புறா!

தமிழில் கொடுங்கை. கொடு என்றால் வளைவு, கொடுவாளில் இருக்கிறதே, அதே கொடு. ஆவுடையார்கோயில் கொடுங்கையில் மரச் சட்டங்களையும் ஆணிகளையும் அப்படியே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதிக்கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு.

வெயின்ரைட்டின் விளிம்பு வளையவில்லையே, தட்டையாக அல்லவா இருக்கிறது என்று கேட்கலாம். நியாயம்தான். அதற்குத் தட்டைக் கொடுங்கை என்று எழுதலாம். சிலர் எழுதும் ‘மேல்விளிம்பு’ கைப்பிடிச் சுவருக்கும் பொருந்திவிடும், எதைச் சொல்கிறோம் என்பதே தெளிவாகாது.