கிடார் ஒதுங்கினால் பேஸ் ஏன் கனக்கிறது?

காட்ஃபிளெஷ் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த இருவர் மெட்டல் குழு. கிடாரும் குரலும் ஜஸ்டின் பிராட்ரிக், பேஸ், அதாவது தாழ்ந்த சுருதிக் கிடார், ஜி. சி. கிரீன். டிரம்ஸுக்குப் பெரும்பாலும் மெஷின்தான். 1996-இல் 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்' ஆல்பத்துக்கு வழக்கத்தை மாற்றி, பிரையன் மான்டியா என்ற டிரம்மரை உட்கார வைத்தார்கள். அடுத்த வருடமே அதே பாட்டுகளைக் கழற்றிப் போட்டு மறுபடி கோத்து, 'லவ் அண்ட் ஹேட் இன் டப்' என்று இன்னொரு ஆல்பம் வந்தது.

மெட்டல் என்றாலே கிடார்தானே. இந்த இரண்டாவது ஆல்பத்தில் அந்தக் கிடார் பல இடங்களில் ஒதுங்கிப் போகிறது. குரல் அங்கங்கே தலைகாட்டி மறைகிறது. பாட்டு இளைத்திருக்க வேண்டும். ஆனால் கேட்டால் இதுதான் அதிகம் கனக்கிறது. எனக்கு மூல ஆல்பத்தைவிட இதுவே பிடிக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டப் என்ற இந்த வித்தை ஜமைக்காவிலிருந்து வந்தது. 1960-களின் கடைசியில் கிங்ஸ்டனில், பாடியவரின் குரலை எடுத்துவிட்டு வெறும் இசையை மட்டும் சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் போடும் பழக்கம் தொடங்கியது. எலெக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பவராக இருந்த கிங் டபி அதைத் தனிக் கலையாக்கினார். பதிவான பாட்டை டேப்பில் ஓடவிட்டு, மிக்ஸிங் டெஸ்க்கில் ஒவ்வொரு கருவியின் சத்த அளவையும் மாற்றும் ஃபேடர்களை ஏற்றி இறக்கி, ஒரு சத்தத்தைத் திடீரென்று வெட்டி, இன்னொன்றை எக்கோவுக்குள் தள்ளிவிடுவார். வாசித்தவர்கள் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பார்கள்; டெஸ்க்கை அவர் வாசித்துக்கொண்டிருப்பார். பர்மிங்ஹாமில் கரீபியக் குடும்பங்கள் நிறைய. ஜமைக்க இசையான ரெக்கேயை வாசிக்கும் ஸ்டீல் பல்ஸ் குழு அந்த ஊரின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்ததுதான். அங்கே வளரும் ஒரு மெட்டல்காரரின் காதில் டப் விழாமல் போனால்தான் ஆச்சரியம்.

டப்பின் முக்கியக் கருவி டேப் எக்கோ. ஒரு காந்த ஹெட் சத்தத்தை டேப்பில் பதிக்கிறது. சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொரு ஹெட் அதைப் படிக்கிறது. டேப் நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடி, ஹெட்களுக்கு இடையே 5 செ.மீ. தூரம் இருந்தால், சத்தம் கால் நொடிக்குச் சற்றுக் கூடுதலான தாமதத்தோடு திரும்பி வரும். வந்ததில் 70 சதவீதத்தை மறுபடி உள்ளே அனுப்பினால் அடுத்தது 49, அதற்கடுத்தது 34 என்று தேய்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு சுற்றிலும் டேப் கொஞ்சம் கீச்சொலியைத் தின்றுவிடுவதால், அடி மங்கி மங்கித் தூரத்தில் கரைவதுபோல் இருக்கும். திருப்பி அனுப்பும் அளவு 100 சதவீதத்தைத் தாண்டினால் எக்கோ தேயாது. பெருத்துக்கொண்டே போய் ஊளையிட ஆரம்பிக்கும். டப் கலைஞர்கள் வேண்டுமென்றே அந்த விளிம்புவரை ஏற்றி, சட்டென்று இறக்குவார்கள்.

சரி, இதே எக்கோவை மெட்டல் கிடாரின்மேல் போட்டால்? பெரிதாக ஒன்றும் கேட்காது. மெட்டல் கிடாரின் கரகரப்புக்குக் காரணமான டிஸ்டார்ஷன், அலையின் தலையை வெட்டித் தட்டையாக்குகிறது. அதனால் அடித்த கணத்துக்கும் அடுத்து நீளும் ஓசைக்கும் சத்த அளவில் பெரிய வித்தியாசம் இருக்காது. கிடார் ஒரே மட்டத்தில் சுவர்போல் நிற்கும். கால் நொடி கழித்து வரும் எக்கோ அந்தச் சுவருக்குப் பின்னால் மறைந்துவிடும். எக்கோ காதில் விழ வேண்டுமென்றால் மூலச் சத்தம் நிற்க வேண்டும். அதனால்தான் டப்பில் முதல் வேலை வெட்டுவது. ஸ்னேர் டிரம்மில் ஒரு அடி, உடனே ஃபேடர் கீழே, அந்தக் காலி இடத்தில் அதன் எக்கோ மட்டும். அந்த இடைவெளிதான் நமக்குப் பெரிய கூடத்துக்குள் நிற்கும் உணர்வைத் தருகிறது.

பேஸ் கனப்பதற்குக் காரணம் வேறு. பேஸ் கிடாரின் அடித் தந்தி, சாதாரணச் சுருதியில், நொடிக்கு சுமார் 41 அதிர்வு. அதோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கும். பேஸ் என்ன வாசிக்கிறது என்று காது பிரித்தறிவது பெரும்பாலும் இவற்றை வைத்துத்தான். கிடாரின் அடித் தந்தி தொடங்குவதே 82-இல். டிஸ்டார்ஷன் போட்டதும் அதன் மடங்குகள் அந்த வட்டாரம் முழுக்க நிரம்பிவிடுகின்றன. கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காதே, அந்தக் கதைதான்: ஒரே வட்டாரத்தில் பலத்த ஒலி மெல்லிய ஒலியை விழுங்கிவிடும். கிடாரை எடுத்தால் பேஸின் அளவு கூடவே வேண்டாம், மறைந்திருந்தது தானாக வெளியே வரும்.

அதற்கு மேல் கூட்டவும் இடம் கிடைக்கிறது. சி.டி.யில் எல்லா அலைகளின் கூட்டுத்தொகைக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு; தாண்டினால் சத்தம் கிழியும். கிடார் காலி செய்த பங்கைப் பேஸும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் எடுத்துக்கொள்ளலாம்.

காதின் குணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மெல்லிய சத்தத்தில் நம் காது தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. இதை 1933-இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைபடம் போட்டார்கள். சத்தத்தைக் கூட்டக் கூட, பேஸ் மற்றவற்றைவிட வேகமாக மேலே ஏறும். ஜமைக்காவின் தெரு சவுண்ட் சிஸ்டங்கள் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கியது வெறும் பந்தாவுக்கு இல்லை. 41 அதிர்வுள்ள அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். அதைக் காற்றில் எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு ஸ்பீக்கரில் அதிரும் கோன் பெரியதாக இருக்க வேண்டும்.

செல்போன் ஸ்பீக்கரால் அது முடியாது. அதில் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே வராது. மேலே உள்ள மடங்குகளை வைத்து மூளை அடிச் சுருதியை ஊகித்துக்கொள்ளும், மெட்டு பிடிபடும். நெஞ்சில் இடிக்கிற பங்கை மட்டும் அதனால் ஊகிக்க முடியாது. இந்த ஆல்பத்தைக் கேட்பதென்றால் நல்ல ஹெட்போனாவது வேண்டும். வீட்டில் வூஃபர் இருந்து, பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தால் இன்னும் நல்லது.