பெயின்ட்டைப் பார்த்துப் பழைய இன்ஜின் வாங்காதீர்கள்

வீட்டில் நிற்கும் பழைய அம்பாசடரையோ பத்மினியையோ ஹெரால்டையோ மறுபடி ஓட வைக்க நினைப்பவர்களில் பலர், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஓர் இன்ஜினை வாங்கிவிட்டுத்தான் எங்கள் மெஷின் ஷாப்புக்கு வருகிறார்கள். புது பெயின்ட் அடித்திருக்கும். "மாட்டினா ஸ்டார்ட் ஆயிடும் சார்" என்ற வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்திருப்பார்கள். பிரித்துப் பார்த்தால் வாங்கிய விலைக்கு மேல் செலவு காத்திருக்கும். சில இன்ஜின்கள் எவ்வளவு செலவழித்தாலும் தேறாது. அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய இன்ஜினுக்கு விலை சொல்லும்போது நான் முதலில் பார்ப்பது, அதில் எதைத் திரும்பச் செய்ய முடியும், எதைச் செய்யவே முடியாது என்பதை. பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கைடு எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. அவை போயிருந்தால் பதற வேண்டாம். பிளாக் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பாகம்), ஹெட் (அதன் மேல் மூடி), கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), மெயின் பேரிங் கேப் (கிராங்க்கைப் பிளாக்கோடு பிடித்திருக்கும் மூடி), பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு), கார்புரேட்டர் பாடி ஆகியவை கெட்டால் இன்னொரு வண்டியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த இன்னொரு வண்டி ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறது. பெட்ரோல் விலைக்குப் பயந்து பல அம்பாசடர்களில் டீசல் இன்ஜின் மாட்டியபோது, கழற்றிய பெட்ரோல் இன்ஜின்கள் காயலான் கடைக்கு எடைக்குப் போனதும் இந்தத் தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம்.

அம்பாசடரில் வெகுகாலம் வந்த 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினையே எடுத்துக்கொள்வோம். இது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ். 1955இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்ப இன்ஜின்தான். கம்பெனியிலிருந்து வரும்போது போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், 73.025 மி.மீ. தேய்ந்த பிறகு 20, 40, 60 சைஸ் என்று போர் போட்டுக்கொண்டே போவார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு என்று கணக்கு. 60 சைஸ் வந்துவிட்ட பிளாக்கில் இனி சுவரைக் குடைய இடமில்லை, லைனர் (உள்ளே பொருத்தும் புது உருளைச் சுவர்) இறக்க வேண்டியதுதான். ஸ்டாண்டர்டு போரில் இருக்கும் பிளாக்கும் 60 சைஸ் பிளாக்கும் வெளியே பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும், விலை ஒன்றாக இருக்கக் கூடாது.

இதைத் தெரிந்துகொள்ள இன்ஜினைப் பிரிக்கவும் தேவையில்லை. போனில் மாட்டும் சின்ன கேமரா இப்போது மலிவாகவே கிடைக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே விட்டால் பிஸ்டன் தலை தெரியும். கார்பன் மூடாமல் இருந்தால் 020, 040 என்று குத்தியிருப்பதைப் படிக்கலாம். சிலிண்டர் சுவரில் துருக்கோடு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கேமரா விடக்கூட அனுமதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

கையால் சுற்றாத இன்ஜினை அங்கேயே பைப் போட்டு முறுக்கச் சொல்லாதீர்கள். ரிங் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டியிருந்தால் ரிங்கும் உடையும், சுவரும் கீறும். பிளக் துளை வழியே டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் விட்ட பிறகு மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். சுற்றுகிற இன்ஜினில் ஃப்ளைவீலும் ஸ்டார்டரும் இருந்தால் தரையில் வைத்தே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்த்துவிடலாம். கேஜ் காட்டும் எண்ணைவிட நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவில்லை என்றால் வால்வு, இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட்.

ஹெரால்டு இன்ஜினுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. 948 சி.சி. இன்ஜின், சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கட்டிய கார், நம் ஊரில் இன்றும் ஆசையோடு தேடுகிறார்கள். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் தள்ளப்படும். அதைத் தாங்குவது பின் பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து சம்ப்பில், அதாவது அடியிலுள்ள ஆயில் தொட்டியில், விழுந்துவிட்டால் கிராங்க் நேராகப் பிளாக்கையே அரைக்க ஆரம்பிக்கும். அதனால் முன்னாலுள்ள புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆட்டம் இருந்தால் சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஹெட் விஷயத்தில் நம் ஊர்த் தண்ணீரைத்தான் குறை சொல்ல வேண்டும். கூலன்ட் ஊற்றாமல் போர்வெல் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டிகள் ஏராளம். ஃபியட் 1100, பத்மினி இரண்டிலும் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் அதன் நீர்த்துளைகளின் ஓரத்தை அரித்துவிடும். ஆர்கான் வெல்டு வைத்து ஃபேசிங் (பரப்பைச் சமமாக அரைப்பது) செய்யலாம், ஆனால் ஏற்கெனவே பலமுறை ஃபேசிங் செய்து மெலிந்த ஹெட்டில் அதற்கும் இடமிருக்காது. தடிமனை அளந்த பிறகே விலை பேசுங்கள். அம்பாசடரின் இரும்பு ஹெட்டில் நடு இரண்டு சிலிண்டர்களின் எக்ஸாஸ்டும் ஒரே வழியாகப் போவதால் அங்கே சூடு அதிகம். அந்த வால்வு சீட்களின் அருகே விரிசல் தேடுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பிரஷர் டெஸ்டில் தெரிந்துவிடும்.

மெயின் பேரிங் கேப்களைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். கேப்பைப் பிளாக்கில் பூட்டி, இரண்டையும் சேர்த்துத்தான் தொழிற்சாலையில் துளையிடுகிறார்கள். அதனால் ஒரு பிளாக்கின் கேப் இன்னொரு பிளாக்குக்குச் சரியாக உட்காராது. கனெக்டிங் ராடின் கேப்பும் அப்படியே. காயலான் கடையில் இவற்றையெல்லாம் ஒரே கூடையில் கொட்டிவிடுவார்கள். அந்த நிமிடமே நல்ல பிளாக் ஒன்றின் மதிப்பு பாதியாகிவிடுகிறது. மறுபடி லைன் போரிங் (கேப்களைப் பூட்டி எல்லாத் துளைகளையும் ஒரே நேர்கோட்டில் குடைவது) செய்ய வேண்டும், அதைச் சுத்தமாகச் செய்துதரும் கடைகளும் குறைவு. கேப் இல்லாத பிளாக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள்.

சரி, விலைக்கு வருவோம். கணக்குக்காக மட்டும் ஓர் உதாரணம். ஒருவர் மூடிய இன்ஜினை 20,000 ரூபாய்க்குத் தருகிறார். இன்னொருவர் ஹெட்டைக் கழற்றி, போர் அளவு எழுதி, கேப்களோடு 35,000 கேட்கிறார். முதல் இன்ஜினுக்கு லைனர், பிஸ்டன் செட், கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை என்று 40,000 ஆனால் மொத்தம் 60,000. இரண்டாவதுக்கு 15,000 வேலை ஆனால் 50,000. திறந்து காட்டாத இன்ஜினுக்கு, உள்ளே பிளாக்கும் ஹெட்டும் மட்டும்தான் தேறும் என்று வைத்துக்கொண்டு அந்த விலையைத்தான் நான் சொல்வேன். எடை விலை அதன் அடிமட்டம்.

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று வருவதில் உலோகப் பாகங்கள் பெரும்பாலும் பொக்கிஷம். செம்பியம் இந்தியா பிஸ்டன்ஸ் செட், பாடியில் தயாரான லூகாஸ் டிவிஎஸ் மின் பாகங்கள் கிடைத்தால் பெட்டியை மட்டும் நம்பாமல் வெர்னியர் வைத்து அளந்து வாங்குங்கள். ரப்பர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆயில் சீலும் பிரேக் கிட்டும் பெட்டிக்குள்ளேயே இறுகிப் போயிருக்கும். பிரேக்கில் அது உயிரோடு விளையாடுவது.

இன்ஜின் எண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல நிலையில் இருக்கும் கார்களைத்தான் வின்டேஜ் என்று பதிவு செய்ய முடியும். அதனால் வண்டியோடு பிறந்த இன்ஜின் பழுதாகிக் கிடந்தாலும் விற்றுவிடாதீர்கள். வேறு இன்ஜின் மாட்டினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி தெரிவித்து ஆர்.சி.யில் எண்ணை மாற்ற வேண்டும். எண் குத்திய இடத்தில் அரைத்த தடமோ, எழுத்துகள் வரிசை கோணலோ தெரிந்தால் விலகிவிடுங்கள். திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு உங்கள் மேலும் பாயும்.

விற்கும் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா சேர்த்து வைத்த பாகங்களைக் கிலோ கணக்கில் அள்ளிக் கொடுக்காதீர்கள். கழுவவோ பெயின்ட் அடிக்கவோ வேண்டாம், அழுக்கோடு இருந்தால்தான் எங்கே ஆயில் ஒழுகியது, எங்கே கைவைத்தார்கள் என்று தெரியும். இன்ஜின் எண், பிளாக்கின் வார்ப்பு எண், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து, பழைய கார் ஆர்வலர்கள் சிலரிடமாவது காட்டி விலை கேளுங்கள். விற்கும்போது தேதி, இன்ஜின் எண், வாங்குபவரின் அடையாள அட்டை நகல், இரண்டு பேரின் கையெழுத்து எல்லாம் உள்ள ஒரு ரசீது எழுதி, நீங்களும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை உடைத்து விற்பதாக இருந்தால் ஆர்.சி.யை ரத்து செய்த கடிதத்தின் நகலையும் அதோடு சேர்த்துக் கொடுங்கள்.