தாம்பாளத் தண்ணீரில் கற்பூரப் படகு

வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் குழந்தைக்குப் பொழுது போக வேண்டுமென்றால் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து வையுங்கள். விரல் கணு அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, அலை அடங்கியதும் நைசாகப் பொடித்த மிளகுத்தூளை மேலாகத் தூவுங்கள். தூள் மூழ்காமல் பரவி மிதக்கும். குழந்தையின் சுட்டுவிரலில் பாத்திரம் துலக்கும் திரவச் சோப்பைத் துளி தடவி, தண்ணீரின் நடுவில் தொடச் சொல்லுங்கள். தொட்ட கணத்திலேயே மிளகு முழுவதும் விளிம்புக்கு ஓடிவிடும். மூன்று வயதுக் குழந்தை அடுத்து என்ன கேட்கும் என்று எந்தப் பெற்றோருக்கும் தெரியும்: "இன்னொரு தடவை!"

ஆனால் அடுத்த தடவை ஒன்றும் நடக்காது. புதிதாக மிளகு தூவி, மறுபடி சோப்பு விரலை வைத்தாலும் தூள் அசையாமல் கிடக்கும். பாதி மூழ்கியும் போகும். விளையாட்டு கெட்டுவிட்டது என்று தண்ணீரைக் கொட்டிவிடத் தோன்றும். அங்கேதான் சுவாரசியமே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டே இருக்கின்றன. உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாத் திசையிலிருந்தும் அண்டை மூலக்கூறுகள் இழுப்பதால் அந்த இழுப்புகள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். மேற்பரப்பில் இருப்பதற்கோ மேலே காற்றுதான். ஆகவே அங்கே பக்கவாட்டிலும் கீழ்நோக்கியுமான இழுப்பு மட்டும் மிஞ்சி, பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. பள்ளிப் பாடநூல் இதைப் பரப்பு இழுவிசை என்கிறது. சாதாரண அறை வெப்பநிலையில் தூய நீருக்கு இதன் அளவு மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். சோப்புத் தண்ணீரில் இது 25 முதல் 30 வரை இறங்கிவிடுகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை அதிலிருந்து விலகும். அதனால் அவை மேற்பரப்பில் வந்து குவிந்து, நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகின்றன.

இனி தாம்பாளத்தைப் பாருங்கள். சோப்பு தொடுமுன் நடுப்பகுதியும் விளிம்புப் பகுதியும் சம பலத்தில் இழுத்துக்கொண்டிருந்தன. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்தார் திடீரெனப் பிடியைத் தளர்த்தினால் என்ன ஆகுமோ அதுவேதான் நடந்தது: நடுவில் இழுவிசை குறைந்ததும் விளிம்புப் பக்கத்து நீர் வென்று, மேற்பரப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மிளகு அதன்மேல் ஏறிப் போன பயணிதான். சோப்பு மிளகைத் துரத்துகிறது என்று பலரும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். உண்மையில் இழுத்தது சோப்பு படாத தண்ணீர். இரண்டாம் முறை ஏன் நடக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். சோப்பு பரப்பு முழுவதும் பரவிவிட்டதால் எங்கும் ஒரே இழுவிசை. வேறுபாடு இல்லாத இடத்தில் ஓட்டம் இல்லை.

அப்படியானால் வேறுபாடு தீராமல் பார்த்துக்கொண்டால் ஓட்டமும் நிற்காதல்லவா? அதைச் செய்யும் பொருள் பூஜை அலமாரியில் இருக்கிறது. பழைய திருமண அழைப்பிதழின் அட்டையில் கட்டைவிரல் நீளத்துக்குப் படகு வடிவம் ஒன்றை வெட்டுங்கள். பின்பக்கம் சிறிய பிளவு ஒன்றை வெட்டி, அதில் கற்பூரத் துணுக்கு ஒன்றைத் தண்ணீரில் படும்படி செருகுங்கள். தாம்பாளத்தில் சோப்பு மிச்சம் துளியும் இருக்கக்கூடாது; நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். படகை மெல்ல வைத்தால் தானாகவே கிளம்பி, வளைந்து வளைந்து சுற்றிவரும். கற்பூரத் துணுக்கை மட்டும் போட்டாலும் அது தட்டாமாலை சுற்றும்.

கற்பூரமும் சோப்பைப் போலவே நீரின் இழுவிசையைக் குறைக்கிறது. படகின் பின்னே இழுவிசை குறைவு, முன்னே அதிகம். ஆகவே முன்பக்கத்து நீர் படகை இழுக்கிறது. சோப்போடு அதற்குள்ள வேறுபாடு, அது தங்காது என்பதுதான். மூடாமல் வைத்த கற்பூரம் காற்றில் கரைந்து காணாமல் போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். தண்ணீரின் மேல் பரவிய கற்பூரமும் அப்படியே ஆவியாகிப் போய்விடுவதால், பரப்பு தன் பழைய இழுவிசையைத் திரும்பப் பெறுகிறது. படகு சுற்றி வருவதற்குள் பாதை புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது.

இந்த இடத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. கற்பூரம் பார்வைக்குக் கல்கண்டு போலவே இருக்கும். சிறு குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வாந்தியும் வலிப்பும் வரக்கூடும். பச்சைக் கற்பூரத்துக்கும் இது பொருந்தும். அதைப் பெரியவர்தான் கையாள வேண்டும், மிச்சத்தை உடனே எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். மிளகு பட்ட விரல் கண்ணுக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும் பாத்திரத்தோடு குழந்தையைத் தனியே விடவே கூடாது.

படகு ஓடிக்கொண்டிருக்கும்போது, நல்லெண்ணெய் தொட்ட விரலால் தண்ணீரை ஓரமாகத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் பரவி இழுவிசையைக் குறைத்துவிடுவதால் படகு நின்றுவிடும். பார்க்கும் குழந்தைக்கு இது மந்திரம். பெரியவர்களுக்கோ, மூலக்கூறு எவ்வளவு சிறியது என்று மனிதர்கள் முதன்முதலில் கணக்கிட்ட வழிகளில் இதுவும் ஒன்று.

இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபு 1890-ல் இதைத்தான் அளந்தார். 84 சென்டிமீட்டர் விட்டமுள்ள குளியல் தொட்டியில் நீர் நிரப்பி, கற்பூரத்தின் ஆட்டத்தை நிறுத்த எவ்வளவு ஆலிவ் எண்ணெய் வேண்டும் என்று பார்த்தார். ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான எண்ணெயே போதுமானதாக இருந்தது. அந்த எண்ணெயின் கன அளவைத் தொட்டியின் பரப்பால் வகுத்தால் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் கிடைத்துவிடும்: ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. படலம் ஒரு மூலக்கூறை விட மெல்லியதாக இருக்க முடியாது என்பதால், மூலக்கூறின் அளவைப் பற்றியும் இதிலிருந்து ஊகிக்கலாம். அணுக்கள் உண்டா இல்லையா என்றே அறிஞர்கள் சிலர் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது.

அந்த ஆய்வைப் பற்றி அறிந்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து ஒரு பெண் அவருக்கு 1891 ஜனவரியில் கடிதம் எழுதினார். பெயர் ஆக்னஸ் பாக்கல்ஸ். பெண் என்பதால் பல்கலைக்கழக வாசல் அவருக்குத் திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகளாக அவர் தன் வீட்டிலேயே நீர்ப்பரப்பை ஆராய்ந்துவந்திருந்தார். தகரத் தொட்டி, அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய தகரப் பட்டை, தராசில் தொங்கவிட்ட ஒரு பொத்தான்: இவைதான் கருவிகள். பொத்தானை நீர்ப்பரப்பிலிருந்து பிய்த்தெடுக்க எவ்வளவு எடை தேவை என்று பார்த்து இழுவிசையை அளந்தார். பட்டையை நகர்த்தி அழுக்குப் படலத்தை நெருக்கினால் இழுவிசை எப்படி மாறுகிறது என்றும் கண்டறிந்தார். ரேலி அந்தக் கடிதத்தைத் தன் பெயரில் விழுங்கிவிடவில்லை. பரிந்துரையோடு 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு அனுப்பினார். அது 1891 மார்ச்சில் வெளியானது. பிற்காலத்தில் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர் பரப்பு வேதியியலில் செய்து 1932-ல் நோபல் பரிசு பெற்ற பணிகளுக்கு, பாக்கல்ஸின் தொட்டி முன்னோடி. அதே 1932-ல்தான் பிரவுன்ஷ்வைக்கின் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அவருக்குக் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அப்போது அவருக்கு 70 வயது. பாத்திரம் துலக்கும் தண்ணீரைக் கவனித்துப் பார்த்த ஒரு பெண்ணை உலகம் இவ்வளவு காலம் காக்கவைத்திருக்க வேண்டியதில்லை.

கற்பூரத்தை நெருங்கவிட முடியாத சிறு குழந்தைகளுக்குப் பால் விளையாட்டு இருக்கிறது. தட்டில் காய்ச்சாத பாலை ஊற்றி, கேசரிப் பவுடரை இரண்டு மூன்று நிறங்களில் கரைத்துச் சொட்டு சொட்டாக விட்டு, சோப்பு நனைத்த பஞ்சால் தொடச் சொல்லுங்கள். நிறங்கள் விலகி ஓடுவதோடு நிற்காமல், சிறிது நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். பாலில் உள்ள கொழுப்புத் துளிகளைச் சோப்பு தேடிச் சூழ்ந்துகொள்வதால் மேற்பரப்பிலிருந்து சோப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது; இழுவிசை வேறுபாடு சட்டெனத் தீர்ந்துபோவதில்லை. கொழுப்பு நிறைந்த பாலில் ஆட்டம் கூடும், தண்ணீர் கலந்த பாலில் குறையும். இதைக் குழந்தையே இரண்டு தட்டுகளை அருகருகே வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

கற்பூரப் படகைப் பாலில் விட்டால் என்ன ஆகும் என்று கொஞ்சம் பெரிய பிள்ளை கேட்கக்கூடும். விடைக்கு எண்கள் உதவும். தூய நீரின் இழுவிசையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குக் கீழே, அதாவது மீட்டருக்கு 52 மில்லிநியூட்டனுக்குக் கீழே போய்விட்டால் கற்பூரத்தின் ஓட்டம் நின்றுவிடுகிறது. பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் அதன் பரப்பு இழுவிசையை ஏற்கெனவே 50-ஐ ஒட்டியோ அதற்கும் கீழேயோ இறக்கி வைத்திருக்கின்றன. ஆகவே படகு நகராது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்லிவிட்டு, சிறு கிண்ணத்தில் கொஞ்சம் பாலை ஊற்றிச் சரிபார்த்துவிடுங்கள். கற்பூரம் பட்ட அந்தப் பாலை அப்போதே கொட்டிவிட வேண்டும்.