டிராயிங்: கோட்டோவியமா, கீறலா?

"கார்ட்டூனைத்தானே சொல்றீங்க மாமா?" என்று கேட்டான் அக்கா மகன். கிருஷ்ணகிரியில் அவர்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, இந்தக் காலத்து ஓவியர்கள் வெறும் டிராயிங்கை வைத்துக்கொண்டே அரசியலையும் சமூகத்தையும் எப்படி விமர்சிக்கிறார்கள் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். கார்ட்டூன் இல்லைடா என்றேன். சரி, டிராயிங்குக்குத் தமிழில் என்ன என்றான். சட்டென்று வாயில் வரவில்லை.

முதலில் கார்ட்டூனைத் தள்ளி வைத்துவிடலாம். கெட்டியான பெரிய தாளுக்கு இத்தாலிய மொழியில் இருக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. சுவரோவியம் தீட்டுவதற்கு முன் தாளில் போட்டுப் பார்க்கும் மாதிரிப் படத்துக்கு அந்தப் பெயர். 1843ல் லண்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கான மாதிரிப் படங்களைக் கண்காட்சி வைத்தபோது, பஞ்ச் பத்திரிகை அதைக் கிண்டலடித்து, ஜான் லீச் வரைந்த தன் நையாண்டிப் படத்துக்கும் கார்ட்டூன் என்றே பெயர் போட்டது. பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் பாரதி 'இந்தியா' வாரப் பத்திரிகையில் வெளியிட்டது இந்த வகைப் படங்களைத்தான். கேலிச்சித்திரம் என்பதைவிடக் கருத்துப்படம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது, எல்லாக் கார்ட்டூனும் கேலி செய்வதில்லையே.

டிராயிங் வேறு சங்கதி. அந்த ஆங்கில வினைக்கு மூலப் பொருள் இழுத்தல். நாமும் 'ஒரு கோடு இழு' என்றுதானே சொல்கிறோம்! தமிழில் வரைதல் என்ற சொல் இருக்கவே இருக்கிறது. வரை என்றால் கோடு, எல்லை, மலை எல்லாம்தான். மாடியிலிருந்து பார்த்தால் கோட்டை மலை வானத்தில் இழுத்த ஒரே கோடாகத் தெரியும், அதனால் இந்தப் பொருள்கள் ஒரே சொல்லுக்குள் இருப்பதில் எனக்கு வியப்பே இல்லை. ஆனால் 'வரைவு' என்று எழுதினால் இன்றைக்கு வரைவு மசோதா, வரைவு வாக்காளர் பட்டியல் என்று தாலுகா ஆபீஸ் வாசனை வந்துவிடுகிறது.

சங்க காலத்தில் இதற்கு அழகான ஒரு பெயர் இருந்தது. நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து நகையெல்லாம் கழற்றிவிட்டுக் கிடக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்கிறார் நக்கீரர். வண்ணம் தீட்டாத, கோட்டளவில் நிற்கும் படம்.

1943 வங்கப் பஞ்சத்தை ஓவியர் சித்தபிரசாத் வரைந்தது அப்படித்தான். மேதினிப்பூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போய், எலும்பும் தோலுமான ஆட்களைக் கறுப்பு மையில் வரைந்து சிறு புத்தகமாகப் போட்டார், வெள்ளைக்கார அரசு அதைப் பறிமுதல் செய்து எரித்தது. தாளும் மையும்தான் செலவு, கையோடு எடுத்துப் போகலாம், பார்த்த அன்றே வரைந்துவிடலாம். ஆட்சிக்கு எரிச்சல் வந்ததில் அதிசயம் என்ன? தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் இன்னொரு வழி பிடித்தார். ஒரே தாளில் கரியால் வரைவது, படம் எடுப்பது, கொஞ்சம் அழித்து மேலேயே மறுபடி வரைவது, மறுபடி படம் எடுப்பது என்று போய் அதையே அசையும் படமாக்குவார். எவ்வளவு அழித்தாலும் தாளில் கரித் தடம் மங்கலாக நின்றுவிடும். நிறவெறி ஆட்சி நடந்த ஒரு நாட்டில் அந்த மங்கல் தடத்துக்கு என்ன அர்த்தம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ருமேனியாவின் டான் பெர்ஜோவ்ஸ்கி கண்காட்சிச் சுவரிலேயே மார்க்கரால் அன்றாட அரசியலைக் கிறுக்குகிறவர், முடிந்ததும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள்.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது துணி எடுக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாவிடம், தெலுங்கில் கோட்டுக்கு என்னங்க என்று கேட்டேன். 'கீத' என்றார். வரைவதற்குத் தெலுங்கில் 'கீயு', கன்னடத்தில் கீறலுக்குக் 'கீரு', எல்லாம் நம் 'கீறு' என்பதோடு ஒரே குடும்பம். இலங்கைத் தமிழர் இன்றும் 'படம் கீறுதல்' என்றுதான் சொல்கிறார்கள். மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கும் நம் பக்கத்தில் நகம் பட்டால் கீறல், தகரம் பட்டால் கீறல், படத்துக்கு மட்டும் அந்தச் சொல்லை விட்டுவிட்டோம்.

கட்டுரையிலும் கண்காட்சி அட்டையிலும் கோட்டோவியம் என்று எழுதுங்கள், யாருக்கும் குழப்பம் வராது. அக்கா மகன் மட்டும் சித்தபிரசாத்தின் படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கீறல்தான் மாமா சரி" என்றான்.