ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை?

எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கைக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் முக்கியமானது வைரல் லோடு. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸின் மரபணுப் பிரதிகள் எத்தனை இருக்கின்றன என்று சொல்வது அது. மருந்தே எடுக்காதவருக்கு இந்த எண் சில ஆயிரத்திலிருந்து பல லட்சம் வரை போகும். ஒழுங்காக மருந்து எடுப்பவரின் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் எண்ணே இருக்காது. ‘20க்குக் கீழ்’ என்றிருக்கும், அல்லது ‘கண்டறியப்படவில்லை’ என்றிருக்கும். முதல் தடவை அதைப் பார்ப்பவருக்கு இரண்டு கேள்விகள் எழும். எனக்குக் குணமாகிவிட்டதா? இல்லை. என்னிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுமா? உடலுறவைப் பொறுத்தவரை, அதற்கும் பதில் ‘இல்லை’தான்.

உடம்பை விட்டுப் போகாத வைரஸ் எப்படி அடுத்தவருக்குப் பரவாமல் இருக்கும்? பலரால் இதை நம்ப முடிவதில்லை. நம்ப வேண்டுமென்றால், அந்த வைரஸ் உள்ளே என்னதான் செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எச்.ஐ.வி. குறிவைப்பது சிடி4 என்ற புரதத்தை மேலே தாங்கியிருக்கும் வெள்ளை அணுக்களை. முதலில் சிடி4-ஐப் பிடிக்கும், அப்புறம் பக்கத்தில் இருக்கும் சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு புரதத்தைப் பிடிக்கும். இரண்டும் கிடைத்தால்தான் உள்ளே போக முடியும். வைரஸின் மரபணு ஆர்.என்.ஏ. வடிவில் இருக்கிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி அதை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும். இன்டக்ரேஸ் என்ற நொதி அந்த டி.என்.ஏ.வை எடுத்துப் போய் நம் அணுவின் சொந்த டி.என்.ஏ.வோடு ஒட்டிவிடும். அதன்பின் அந்த அணுவுக்கு எது தன் மரபணு, எது வந்து ஒட்டியது என்று வித்தியாசம் தெரியாது. கேட்டதையெல்லாம் தயாரித்துக் கொடுக்கும். வெளியே வரும் நீளமான புரதச் சரத்தை புரோட்டியேஸ் என்ற மூன்றாவது நொதி துண்டு துண்டாக வெட்டினால்தான் வைரஸ் முழுமை பெறும்.

இந்த வேலை நடக்கும் வேகம் 1990களின் நடுப்பகுதியில்தான் தெரியவந்தது. சிகிச்சை பெறாத ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கோடி புதிய வைரஸ்கள் உருவாகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் அவர் பல வருடங்கள் நன்றாகத்தான் இருப்பார். வைரஸ் தூங்குகிறது என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் உள்ளே தினமும் போர். ரத்தத்தில் மிதக்கும் ஒரு வைரஸின் ஆயுள் சில மணி நேரம். வைரஸைத் தயாரித்துக்கொண்டிருக்கும் அணு ஓரிரு நாளில் செத்துப்போகும். செத்ததற்கு ஈடாக உடம்பு புதிய சிடி4 அணுக்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பல வருடங்களுக்குப் பிறகு ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது எண்ணிக்கை சரியும். ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டரில் 500-லிருந்து 1,500 வரை இருக்க வேண்டியது 200-க்குக் கீழே இறங்கினால் அந்த நிலைக்குப் பெயர் எய்ட்ஸ்.

சிகிச்சையின் ரகசியமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. எச்.ஐ.வி. மாத்திரை வைரஸைக் கொல்வதில்லை. புதிய அணுக்களுக்குத் தொற்று போகாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தொற்றிய அணுக்களில் பெரும்பாலானவை எப்படியும் ஓரிரு நாளில் சாகப் போகிறவை. மிதக்கும் வைரஸ்கள் அதற்கும் முன்பே போய்விடும். புதிய வரவை நிறுத்தினால் போதும், எண்ணிக்கை தானாக விழும். இன்றைய மருந்துகளில் முதல் சில வாரங்களிலேயே வைரல் லோடு நூறில் ஒரு பங்காகக் குறைவது சாதாரணம். பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாதம், அதிகம் போனால் ஆறு மாதத்துக்குள் ‘கண்டறியப்படவில்லை’ வந்துவிடும்.

ஒரே மருந்து ஏன் போதாது? ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் ஒரு மோசமான எழுத்தர். சுமார் 9,700 எழுத்துகள் கொண்ட மரபணுவைப் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை விடும், எழுதியதைச் சரிபார்க்கவும் செய்யாது. தினமும் 1,000 கோடி பிரதிகள், அவற்றில் இத்தனை பிழைகள் என்றால், ஒரே ஒரு எழுத்து மாறினால் ஒரு மருந்திலிருந்து தப்பிவிடலாம் என்கிற நிலையில் அந்த மாற்றம் உடம்பில் எங்கோ ஏற்கெனவே நடந்திருக்கும். 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மருந்தான ஏ.இசட்.டி. இப்படித்தான் தோற்றது. ஆரம்பத்தில் பலன் தெரியும், பிறகு வைரஸ் அதைத் தாண்டிவிடும். ஆனால் மூன்று மருந்துகளுக்கும் தப்பிக்கும் பிழைகள் ஒரே வைரஸில் ஒன்றாகச் சேர்வது அபூர்வத்திலும் அபூர்வம். 1996-ல் மூன்று மருந்துக் கூட்டு சிகிச்சை வந்தபிறகு மரண எண்ணிக்கை சடசடவென்று இறங்கியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். இப்போது உலகில் அதிகம் பேர் சாப்பிடுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரை, நாளைக்கு ஒன்று. முதலிரண்டும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைத் தடுக்கும், மூன்றாவது இன்டக்ரேஸை.

சரி, இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே, சில வருடங்கள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் என்ன? தொற்றிய அணுக்களில் மிகச் சில, நினைவு அணுக்கள் என்ற வகையைச் சேர்ந்தவை, வைரஸ் டி.என்.ஏ.வை உள்ளே வைத்துக்கொண்டு எதையும் தயாரிக்காமல் ஓய்வில் இருக்கும். மழைக்குக் காத்துக் கிடக்கும் விதை மாதிரி. ஓய்விலிருக்கும் பத்து லட்சம் சிடி4 அணுக்களில் ஒன்று என்ற அளவில்தான் முளைக்கக்கூடியவை இருக்கும், ஆனால் மாத்திரையால் அவற்றை ஒன்றும் செய்ய முடியாது. இயங்காத நொதியை மருந்து எப்படித் தடுக்கும்? இந்தச் சேமிப்பு பாதியாகக் குறைய சுமார் 44 மாதம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழுதும் தீர 70 வருடத்துக்கு மேல். மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே வைரஸ் திரும்பிவிடுகிறது.

இடைவெளி விட்டுச் சாப்பிடலாமா என்றும் சோதித்துப் பார்த்தார்கள். ஸ்மார்ட் என்ற அந்த ஆய்வில் 5,472 பேர் கலந்துகொண்டார்கள். மருந்தை விட்டு விட்டு எடுத்தவர்களுக்கு நோயும் மரணமும் கூடுதலாக இருந்ததால் 2006-ல் அதைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

இனி பரவுதலுக்கு வருவோம். வைரஸ் போகும் வழிகள் குறைவு: ரத்தம், விந்தும் அதற்கு முன் கசியும் திரவமும், யோனித் திரவம், மலக்குடல் திரவம், தாய்ப்பால். எச்சில், வியர்வை, கண்ணீர் இந்தப் பட்டியலில் இல்லை. கொசு ஏன் பரப்புவதில்லை என்று இன்றும் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். கொசு ஒரு குழாயால் ரத்தத்தை உறிஞ்சுகிறது, வேறொரு குழாயால் தன் எச்சிலை நமக்குள் விடுகிறது. முன்பு குடித்த ரத்தத்தை அது யாருக்கும் ஏற்றுவதில்லை. வயிற்றுக்குள் போன எச்.ஐ.வி.க்கு அங்கே பிடித்துக்கொள்ள சிடி4 கிடையாது. உணவோடு உணவாகச் செரித்துவிடும்.

வழி இருந்தாலும் ஒவ்வொரு முறையும் தொற்றிவிடாது. வைரல் லோடு கட்டுப்படாத ஒருவரோடு, ஆணுறையோ மருந்தோ எதுவும் இல்லாமல் உறவு கொண்டால் என்ன ஆகும் என்று தொகுத்த கணக்கு இது: பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு 10,000 முறைக்கு சுமார் 8, ஆணுக்கு 4. ஆசனவாய் வழி உறவில் ஏற்பவருக்கு 138, மற்றவருக்கு 11. போதை ஊசியைப் பகிர்ந்தால் 63. மருத்துவப் பணியாளருக்குத் தவறுதலாக ஊசி குத்தினால் 23. தொற்றுள்ள ரத்தத்தை ஏற்றினால் மட்டும் 9,250, அதாவது கிட்டத்தட்ட நிச்சயம்.

இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். எல்லாம் சராசரி. எட்டு என்பது சிறிய எண்ணாகத் தெரியும், ஆனால் ஒரே முறையில் தொற்றியவர்களும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறார்கள். முக்கியமாக, தொற்றிய முதல் சில வாரங்களில் வைரல் லோடு மில்லிலிட்டருக்குப் பல லட்சத்தைத் தொடும், பத்து லட்சத்தையும் தாண்டும். அப்போது வருவது சாதாரணக் காய்ச்சல், தொண்டை வலி. தொற்றை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிரணுவைத் தேடும் சோதனையோ அந்த நேரத்தில் இன்னும் நெகட்டிவ் என்றே காட்டலாம். தன் நிலை தெரியாதவர்தான் அதிகம் பரப்பக்கூடியவர். தெரிந்து மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்துப் பயப்படுவது தலைகீழான பயம். ரத்தநாளத்திலிருந்து ரத்தம் எடுத்து, எதிரணுவோடு வைரஸின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனை 18-லிருந்து 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும், விரல் நுனியில் குத்தி எடுக்கும் விரைவுச் சோதனைக்கு 90 நாள் வரை பொறுக்க வேண்டும்.

வைரல் லோடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு முதல் வலுவான சான்று 2000-ல் உகாண்டாவின் ராகாய் பகுதியிலிருந்து வந்தது. ஒருவருக்குத் தொற்று இருந்து, மற்றவருக்கு இல்லாத 415 ஜோடிகளைக் கவனித்தார்கள். வைரல் லோடு 1,500-க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து ஒருவருக்குக்கூடப் பரவவில்லை. 2008-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் சிலர், சிகிச்சையில் நன்றாகக் கட்டுப்பட்டவரிடமிருந்து உடலுறவில் தொற்றாது என்று பகிரங்கமாகவே சொல்லிவிட்டார்கள். கடுமையான எதிர்ப்பு வந்தது. 2011-ல் 1,763 ஜோடிகளை வைத்து நடந்த ஆய்வில், சிகிச்சையை உடனே தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது.

மீதி 4 சதவீதம்? அதற்குப் பதில் சொன்னது ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வு. 2019-ல் முடிவு வெளியான அதன் இரண்டாம் கட்டத்தில், சிகிச்சையில் 200-க்குக் கீழே வைரல் லோடு உள்ள ஆண்களும் தொற்றில்லாத அவர்களுடைய ஆண் துணைகளுமாக 782 ஜோடிகள். ஆணுறை இல்லாமல் நடந்த உறவுகள் சுமார் 76,000. அந்தக் காலத்தில் 15 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. சாதாரண ஆய்வாக இருந்தால் ‘15 தொற்றுகள்’ என்று எழுதிவிட்டுக் கதையை முடித்திருப்பார்கள். இவர்கள் அந்த 15 பேரின் வைரஸ் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்து, துணையின் வைரஸோடு ஒப்பிட்டார்கள். மேலே சொன்ன அதே மோசமான எழுத்தர் இங்கே உதவிக்கு வந்தார். ஒவ்வொருவர் உடம்பிலும் பிழைகள் வேறு வேறு விதமாகச் சேர்வதால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன வைரஸ் நெருங்கிய சொந்தமாகத் தெரியும். பதினைந்தில் ஒன்றுகூடத் துணையின் வைரஸோடு பொருந்தவில்லை. எல்லாம் வெளியிலிருந்து வந்தவை.

பூஜ்யத்தை நிரூபிக்கவே முடியாது, எந்த ஆய்விலும் ஒரு மேல்வரம்பு இருக்கும் என்று புள்ளியியல்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தனித்தனி நாடுகள், தனித்தனி ஆய்வுகள், எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பப் பூஜ்யம் என்றால் அதைப் பூஜ்யம் என்றே சொல்லலாம் என்பது என் கட்சி. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் அப்படியே சொல்லிவிட்டது: கண்டறிய முடியாத அளவில் இருந்தால் உடலுறவுத் துணைக்குப் பரவும் ஆபத்து பூஜ்யம், கண்டறிய முடிந்து 1,000 வரை இருந்தாலும் கிட்டத்தட்ட பூஜ்யம்.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். இது உடலுறவுக்கு மட்டும். ஊசியைப் பகிர்வதற்கு இந்த உறுதியை நீட்ட இதே மாதிரியான ஆய்வு கிடையாது. தாய்ப்பாலில் அபாயம் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது, ஆனால் பூஜ்யம் ஆவதில்லை. பாலில் வரும் அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கர்ப்பம், பிரசவம், பாலூட்டல் எல்லாம் சேர்த்து, சிகிச்சையே இல்லாவிட்டால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15-லிருந்து 45 சதவீதம். தாய் முன்கூட்டியே மருந்தைத் தொடங்கி வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்தால் பிரசவத்தில் அது 1 சதவீதத்துக்குக் கீழ். அப்புறம், எச்.ஐ.வி. மாத்திரை உடலுறவில் பரவும் வேறு நோய்களான சிஃபிலிஸையோ கொனோரியாவையோ தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

தொற்றில்லாதவர் பக்கத்திலும் மருந்து இருக்கிறது. ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடுவது பெப். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் வைரஸ் டி.என்.ஏ. ஒட்டிக்கொள்வதற்குள் முந்த வேண்டும். முன்கூட்டியே எடுப்பது பிரெப். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் லெனகாபாவிர் ஊசியை 2024-ல் ஆப்பிரிக்கப் பெண்களிடம் சோதித்தபோது, அதைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை.

மருந்தோடு வாழ்கிறவருக்கு இன்றைய கவலைகள் வேறு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு சற்று அதிகம். வைரஸ் அடங்கியிருந்தாலும் உடம்பில் லேசான அழற்சி தொடர்வது அதற்கு ஒரு காரணம். 7,769 பேரிடம் நடத்திய ரிப்ரீவ் ஆய்வில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தினமும் ஒன்று இதயப் பிரச்சினைகளை 35 சதவீதம் குறைத்தது. இன்னொன்று, கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட். இவற்றிலுள்ள உலோகம் குடலிலேயே டோலுடெகிராவிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போக விடாது. ஆன்டாசிட் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, குடித்து 6 மணி நேரம் கழித்தோ டோலுடெகிராவிரைச் சாப்பிட வேண்டும். கால்சியமும் இரும்பும் என்றால், உணவோடு சேர்த்து ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெகிராவிர் நாளைக்கு இரண்டு வேளை தேவைப்படும். ஒழுங்காகச் சாப்பிட்டும் வைரல் லோடு ஏறுகிறது என்று வருகிறவரிடம் விசாரித்தால், சில சமயம் வைரஸ் மருந்தைத் தாண்டியிருக்காது. நெஞ்செரிச்சலுக்குக் குடித்த ஆன்டாசிட்தான் மாத்திரையை உள்ளே விடாமல் வைத்திருக்கும்.