வேர் விட்ட விதையை ஏன் கழிக்கிறோம்?

"வேர் விட்டிருக்கிறதே, இதை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?" முளைப்புத்திறன் அறிக்கையை வாங்கியவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமானதுதான். விதைத்தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை நுனி ஒன்று எட்டிப் பார்த்தாலே முளைத்துவிட்டதாகக் கண் நம்பிவிடுகிறது. ஆய்வகம் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை. வேர், தண்டு, விதையிலை, நுனிமொட்டு என அந்தப் பயிருக்குத் தேவையான உறுப்புகள் வளர்ந்து, நல்ல மண்ணில் செடியாகத் தேறும் என்று தெரிந்தால்தான் அது இயல்பான நாற்று. அறிக்கையில் நீங்கள் பார்க்கும் சதவீதம் இந்த நாற்றுகளை மட்டுமே குறிக்கிறது. மற்றவை இயல்பற்ற நாற்று, கடின விதை, முளைக்காத புதுவிதை, இறந்த விதை என்று தனித்தனியே போகும்.

பன்னாட்டு விதைப் பரிசோதனைச் சங்கத்தின் விதிகளின்படி ஒரு மாதிரிக்கு 400 விதைகள், நூறு நூறாக. சராசரி 90 வந்தால், நான்கு நூறுகளுக்குள் மிக உயர்ந்ததற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையே 12 வரைதான் வேறுபாடு அனுமதி. மீறினால் மறுபடியும் வைக்க வேண்டியதுதான். நெல்லுக்கு முதல் எண்ணிக்கை 5ஆம் நாள், கடைசி எண்ணிக்கை 14ஆம் நாள். 'இரண்டு நாளில் சொல்லிவிட முடியாதா' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

விதைகளை முளைக்க வைத்த ஈரத்தாள் சுருளை மேசையில் விரிக்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு பீன்ஸ் நாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேர் நன்றாக இருக்கிறது, தண்டு நிமிர்ந்திருக்கிறது, இரண்டு விதையிலைகளும் கொழுகொழுவென்று இருக்கின்றன. அவற்றை மெல்ல விலக்கிப் பார்த்தால் நடுவில் இருக்க வேண்டிய குருத்து இல்லை. வயலில் இது மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதன்பின் அப்படியே நிற்கும். அளவுக்கு மீறிக் காய்ந்த விதையை இயந்திரத்தில் முரட்டுத்தனமாக அடித்தால் இப்படி ஆகும். வெளித்தோலில் கீறல்கூடத் தெரியாது.

இரக்கம் காட்டவும் விதிகளில் இடம் உண்டு. மக்காச்சோளத்தில் முதன்மை வேர் பழுதானாலும் பக்க வேர்கள் போதுமான அளவு இருந்தால் ஏற்கிறோம். வெங்காயத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பூஞ்சை பிடித்த நாற்றுகளில்தான் தீர்ப்பு கடினம். நோய் அந்த விதையிலிருந்தே வந்திருந்தால் அது இயல்பற்றது. பக்கத்து விதையிலிருந்து பரவி, உறுப்புகள் முழுமையாக இருந்தது தெளிவாகத் தெரிந்தால் இயல்பானது. இந்த இடத்தில் அனுபவமுள்ள இருவர் முரண்படுவதைப் பார்த்திருக்கிறேன்.

முளைக்காதவற்றை விரலால் அழுத்திப் பார்ப்போம். கூழாக நசுங்கினால் இறந்துவிட்டது. நீரே ஏறாமல் கல்லாகக் கிடந்தால் கடின விதை. பயறு வகைகளில் இது சாதாரணம். நீரை உறிஞ்சி உறுதியாக, பூஞ்சையின்றி இருந்தால் உறக்கத்தில் இருக்கலாம்; அறிக்கையில் முளைக்காத புதுவிதை என்பது இதுதான். புதிதாக அறுவடையான நெல் முளைக்கவில்லை என்று உடனே கழித்துவிடக் கூடாது. 50 டிகிரி வெப்பத்தில் வைத்தெடுத்தால் பல மாதிரிகள் விழித்துக்கொள்ளும். ஐயம் நீங்காவிட்டால் டெட்ரசோலியம் கரைசல் இருக்கிறது, உயிருள்ள திசு அதில் சிவக்கும்.

ஆகவே அறிக்கை வந்ததும் முதல் எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். இறந்த விதைகள் அதிகமென்றால் சேமிப்பில் ஈரமும் வெப்பமும் வேலை செய்திருக்க வாய்ப்பு அதிகம். இயல்பற்றவை அதிகமென்றால் கதிரடிப்பு, உலர்த்திய வெப்பம், விதைநேர்த்தி மருந்தின் அளவு ஆகிய மூன்றையும் சந்தேகியுங்கள். மூட்டையின் வாயிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பியிருந்தால் இந்த ஆராய்ச்சி எல்லாம் வீண். அந்த எண் அந்தக் கைப்பிடிக்கு மட்டுமே பொருந்தும். பல மூட்டைகளில், மேல், நடு, அடி என்று எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.

மருந்து கலந்த விதையென்றால் மருந்தின் பெயரையும் அளவையும் மாதிரியோடு எழுதிவிடுங்கள். தாளில் மருந்து விதையைச் சுற்றியே தங்கிவிடுவதால் வேர்கள் குட்டையாகத் தடித்து வருவதுண்டு. முன்பே தெரிந்தால் அதே விதையை மணலிலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுதுவோம்.